கிளி செத்த பகுதி: நோட்டன் பிரிட்ஜிலிருந்து உடப்புசல்லாவைக்கு

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு வேலைகள்தான் உண்டு. ஒன்று வீட்டு வேலை. மற்றது, "பெறுபேறு எப்ப வரும்?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்வது. மூன்றாவதாக ஒரு வேலையை நானே தேடிக்கொண்டேன். ஒரு புத்தகத்தின் நடுத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் மிச்சம் எங்கே இருக்கிறது என்று பார்க்க உடப்புசல்லாவைக்குப் போனேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, சித்தியும் நானும் ஒரே நாளில் போய் வந்தோம்.

அந்தத் துண்டு என்னிடம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு முன், ஹட்டன் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் பழைய புத்தகம் விற்கும் முஸ்லிம் அண்ணன், எங்கள் வாயில் நானா, அவரிடம் கடந்தகால வினாத்தாள் கட்டு ஒன்று வாங்கினேன். வீட்டில் வந்து கட்டைப் பிரித்தால் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் மெல்லிய புத்தகம் ஒன்று. முன் அட்டை இல்லை. தலைப்பு இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. 97ஆம் பக்கத்தில் ஆரம்பித்து 144இல் முடிகிறது. நீல நைலோன் நூலால் அழகாகத் தைத்திருந்தார்கள். பின்பக்கம் ஒட்டியிருந்த காக்கித் தாளில் பேனாவால் எழுதியிருந்தது: "பகுதி 3. மொத்தம் 5. படித்ததும் கொண்டுவந்து கொடுக்கவும். புள்ள மடுவம், சவுக்குமலை கீழ்ப்பிரிவு, உடப்புசல்லாவை."

தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: புள்ள மடுவம் என்றால், கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே எதற்குப் புத்தகம் என்று எனக்கும் அப்போது புரியவில்லை.

அது ஒரு துப்பறியும் கதை. அதுவரை நான் ஒரு துப்பறியும் கதைகூடப் படித்ததில்லை. படிக்காமலே, அது மட்டமான சரக்கு என்ற அபிப்பிராயத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். குடும்ப நாவல், சரித்திர நாவல் இந்த இரண்டும்தான் என் உலகம். பாடசாலை நூலகத்தில் அந்த இரண்டு அலுமாரிகளையும் முடித்துவிட்டேன். மற்ற அலுமாரிகள் என்ன நிறம் என்றுகூடச் சொல்லத் தெரியாது. இந்தத் துண்டை "சும்மா ஒரு பக்கம்" என்று ஆரம்பித்து, கணித வினாத்தாளின் மேலேயே வைத்து முடித்தேன். ஒரு கடற்கரை ஊர். மணிக்கூடு திருத்தும் ஒருவரைக் காணவில்லை. இன்ஸ்பெக்டர் ஒருவர் அவர் வீட்டுக்கு வருகிறார். அந்த வீட்டில் ஒரு கிளி இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இது: "கதவு மெல்லத் திறந்தது. வாசலில் நின்றிருந்தது". அவ்வளவுதான். யார் நின்றிருந்தது என்பது 145ஆம் பக்கத்தில். 145ஆம் பக்கம் உடப்புசல்லாவையில்.

தனியாகப் போக வீட்டில் விடமாட்டார்கள். அம்மாவின் தங்கை புவனா சித்தி ஹட்டனில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். விடுமுறைச் சனிக்கிழமை ஒன்றை எனக்காக ஒதுக்கினார். சும்மா ஒதுக்கவில்லை, திட்டிக்கொண்டே ஒதுக்கினார்.

"ஒரு பேப்பர் துண்டுக்காக நுவரெலியா தாண்டிப் போறவ இந்த உலகத்துல நீ ஒருத்திதான்டி."

"துண்டு இல்ல சித்தி, பகுதி."

"பகுதின்னா பஸ்காரன் காசு வாங்காம ஏத்துவானா?"

எங்கள் ஊர் நோட்டன் பிரிட்ஜில் காலை ஐந்தரை மணி பஸ். நீர்த்தேக்கத்தின் மேல் பனி மூடிக் கிடந்தது. ஹட்டன் வரை ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஆளுக்கு 110 ரூபாய். ஹட்டனில் சித்தியின் பேக்கரியிலேயே மீன் வைத்த சூடான மாலுபாண் வாங்கிக்கொண்டு ஏழு மணிக்கு நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம். டிக்கட் 230 ரூபாய், ஏறக்குறைய 45 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழி. இடதுபக்க ஜன்னல் பிடியுங்கள், நீர்வீழ்ச்சிகள் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர்தான் குளிர்காற்றையும் வாங்க வேண்டும். நான் நீர்வீழ்ச்சி பார்த்தேன், சித்தி ஜன்னலை மூடினார், நான் திறந்தேன். தலவாக்கலை வரை இதுவே நடந்தது.

நுவரெலியாவில் அரை மணி நேரம் காத்திருந்தோம். உல்லாசப் பயணிகளுக்காகத்தான் அந்த ஊர் எழுந்து குளித்துவிட்டு நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். நமக்குப் பஸ் நிலையமும் கழிவறையும் போதும், இரண்டும் பரவாயில்லை. ஒன்பதரைக்கு உடப்புசல்லாவை பஸ், 180 ரூபாய். கந்தப்பளை வரும்வரை இரண்டு பக்கமும் லீக்ஸ், கரட், கோவா என்று மரக்கறித் தோட்டங்கள். இராகலை தாண்டியதும் மறுபடி தேயிலை. எங்கள் பக்கத் தேயிலைக்கும் இந்தப் பக்கத் தேயிலைக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. எங்கள் மலை எப்போதும் நனைந்த மலை. இங்கே காற்று உலர்ந்து, வெயில் பளிச்சென்று, மலைகள் கழுவிக் காய வைத்தது போல இருந்தன. எங்களுக்கு மழை அடிக்கும் மாதங்களில் இவர்களுக்கு வெயிலாம். இவர்கள் நனையும்போது நாங்கள் காய்வோமாம். பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் ஒருவர் சொன்னார்.

உடப்புசல்லாவை சந்தியிலிருந்து தோட்டத்துக்கு நான்கு கிலோமீட்டர். ஆட்டோ அண்ணன் ஐந்நூறு கேட்டார். சித்தி நானூறு என்றார். ஐந்நூறுக்கே ஏறினோம்.

"புள்ள மடுவத்துக்கா? கொழந்த எங்க?" என்று கேட்டார் அவர், கண்ணாடியில் எங்களைத் தேடிப் பார்த்து.

"கொழந்த இல்லண்ணே. புத்தகம் குடுக்கப் போறோம்."

"என்ன புத்தகம்?"

"மூணாம் பகுதி," என்றேன். வேறு எப்படிச் சொல்வது? தலைப்புத்தான் தெரியாதே.

ஆட்டோ நின்றது. அவர் திரும்பி உட்கார்ந்தார்.

"மூணாவதா? கிளி இருக்கா அதுல?"

"இருக்கு."

"உசுரோடவா?"

"ஆரம்பத்துல உசுரோடதான்."

அவர் சித்தியைப் பார்த்து, "தங்கச்சி, எங்க வீட்டுல ரெண்டு வருஷமா இதே சண்டதான்," என்றார். ஆட்டோ மெதுவாக ஏற ஏற விஷயம் வெளியே வந்தது. அந்தக் கதைப் புத்தகத்தின் ஐந்து பகுதிகளில் மூன்றாவது காணாமல் போய்விட்டது. அதனால் எல்லாரும் இரண்டிலிருந்து நான்குக்குத் தாவினார்கள். இரண்டாம் பகுதியில் கிளி பேசிக்கொண்டிருக்கிறது. நான்காம் பகுதியில் கிளியைப் புதைத்த இடம் வருகிறது. நடுவில் என்ன நடந்தது? அவர் மனைவி பூனை என்கிறாராம். மாமியார் செய்வினை என்கிறாராம். இவருக்குப் படிக்க நேரமில்லை, ஆனால் இன்ஸ்பெக்டர் மேல் சந்தேகம்.

"அந்த மூணாம் பகுதியப் படிச்சது ஒரே ஆளுதான், பாக்கியம். அப்பெல்லாம் புதுப் புத்தகம் வந்தா மொத ஆளா வாங்குனது அவதான். அவ கையிலதான் தொலைஞ்சுதுன்னு மடுவத்து சரோஜாக்கா சொன்னாங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல, அத்தன பேரு முன்னாடி. திருப்பிக் குடுத்துட்டேன்னு இவ சொல்ல, குடுக்கலன்னு அவங்க சொல்ல... அன்னைக்கு மூடுன வாய்தான். 'கிளி எப்படிச் செத்துச்சு, நீயாவது சொல்லு'ன்னு கேட்டா, 'தொலைச்சவ சொல்றத நம்புவீங்களா?'ன்னு கேப்பா. நாலாம் பகுதியயும் தொட மாட்டேன்னுட்டா."

"அப்ப அவங்களுக்கும் முடிவு தெரியாதா?" என்றேன்.

"தெரியாது. ஊருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாது."

எனக்கு அந்தப் பாக்கியம் அக்காவை அப்போதே பிடித்துவிட்டது. கதவுக்கு வெளியே யார் நின்றது என்று தெரியாமல் நான் இரண்டு மாதம் தவித்தேன். அவர் இரண்டு வருடம்.

புள்ள மடுவம் நீலச் சாயம் அடித்த ஒற்றை மண்டபம். தொட்டில்களில் ஏழெட்டுக் குழந்தைகள் தூக்கம். சுவரில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், பலகை அடித்து ஒரு தட்டு. அதில் மெல்லிய மெல்லிய புத்தகங்கள், எல்லாம் பிரித்துத் தைத்தவை. நான் புத்தகம் கீழே விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். அத்தனை புத்தகங்களை யாரோ கத்தி வைத்து அறுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கையிலிருந்த பகுதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

சரோஜா அக்கா மடுவத்தின் பொறுப்பாளர். ஐம்பது வயது இருக்கும், குரல் குழந்தைகளுக்காகவே தாழ்ந்துபோன குரல். நான் நீட்டிய பகுதியைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "எங்க கெடச்சுச்சு சாமி?" என்று வாங்கினார். ஹட்டன், பழைய புத்தகக் கடை, வினாத்தாள் கட்டு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் புத்தகத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தார். நீல நூலின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை தடவினார். சிரிப்புப் போய்விட்டது. தட்டிலிருந்து நான்காம் பகுதியை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதிலும் அதே நீல நூல்.

"வேற புத்தகமா அக்கா?"

"இல்ல. இதேதான்," என்றார்.

பிறகு தேத்தண்ணி வந்தது. குழந்தைகளின் துணிகளை மடித்துக்கொண்டே, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மனம் வேறெங்கோ இருந்தது போல இருந்தது, ஆனாலும் சொன்னார். புத்தகங்களை ஏன் அறுக்கிறீர்கள் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

"முழுசாக் குடுத்தா ஒரு வீட்டுல மூணு மாசம் தூங்கும். அஞ்சாப் பிரிச்சா அஞ்சு வீட்டுல முழிச்சிருக்கும்," என்றார். "தடிச்ச புத்தகத்தப் பாத்தா வேலைக்குப் போயிட்டு வர்ற பொம்பளைக்குப் பயம். இது படங்குக்குள்ள சொருகிக்கலாம், தேத்தண்ணி நேரத்துல ரெண்டு பக்கம்."

படங்கு என்பது கொழுந்து எடுப்பவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் கனத்த துணி. என் கோபம் அந்த இடத்தில் பாதி குறைந்தது. மீதி குறைந்தது சாக்கைப் பார்த்தபோது.

தட்டுக்குக் கீழே ஒரு கொழுந்துச் சாக்கு தொங்கியது. கதையின் ஒரு பகுதியை எடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு சாக்குக்குள் கையை விட்டு இன்னொரு புத்தகமும் எடுக்க வேண்டுமாம். அதற்குப் பெயர் கொசுறு. கையில் என்ன வருகிறதோ அதுதான், மாற்றித் தர மாட்டார்கள். சமையல், பாம்புகள், நாடகம், கவிதை, தொழிற்சட்டம், யாரோ ஒருவரின் வாழ்க்கை வரலாறு, பேய்க்கதை, குழந்தை வளர்ப்பு, விகடத் துணுக்குகள், வான் நட்சத்திரங்கள். கொசுறைப் படிக்காமல் திருப்பிக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாராம்.

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"எதப் பத்தியாவது கொற சொன்னாப் படிச்சிருக்காங்க. 'நல்லா இருந்துச்சு அக்கா'ன்னா படிக்கல."

இது என் பாடசாலை நூலகத்துக்கும் பொருந்தும் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பகல் நிறுவைக்கான சங்கு ஊதியது. சரோஜா அக்கா உதவிக்கு இருந்த பெண்ணிடம் குழந்தைகளை ஒப்படைத்துவிட்டு, மூன்றாம் பகுதியை எடுத்துக்கொண்டு, "வாங்க," என்றார். மடுவத்திலிருந்து கொழுந்து நிறுக்கும் கொட்டகை வரை ஏற்றம். அவர் முன்னால் விறுவிறுவென்று ஏறினார். சித்தி என் காதில், "இந்த அக்காவுக்கு என்னமோ ஆயிருச்சு," என்றார்.

கொட்டகையில் முப்பது பேராவது இருப்பார்கள், தலையில் மாட்டிய கொழுந்துப் பைகளோடு. ஆட்டோ அண்ணன் எங்களுக்கு முன்பே செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். ஆட்டோவையும் அங்கேயே நிறுத்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் யார், எந்த ஊர், யார் பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை.

"கிளி எப்புடிப் புள்ள செத்துச்சு?"

"பூனதானே?"

"வாய மூடுடி, அவ சொல்லட்டும்."

நான் வாயைத் திறந்தேன். சரோஜா அக்கா என் தோளில் கை வைத்தார். "இரு பாப்பா. அதச் சொல்ல வேண்டிய ஆளு நீ இல்ல."

அவர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில், வரிசையில் நான்காவதாக நின்ற ஒரு பெண்ணை மட்டும் பார்த்தார். உயரமான பெண், நாற்பது வயதிருக்கும், யாரையும் பார்க்காத முகம். யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாக்கியம். நீ இத எங்கிட்டத் திருப்பிக் குடுத்துட்ட. நான்தான் மறந்துட்டேன். தச்ச நூலு அவுந்து போச்சுன்னு அஞ்சு பகுதியயும் கட்டி, ஹட்டன்ல அச்சாபீஸ்ல இருக்கிற என் தம்பிக்கிட்ட அனுப்புனேன். நான் தைக்கிறது சாக்கு நூலு. நீல நூலு அங்க போட்டது. இதுலயும் நீல நூலுதான் இருக்கு. அப்ப இதுவும் அந்தக் கட்டோட போயிருக்கு, அங்கயே விட்டுப்போயி பழைய பேப்பரோட கடைக்குப் போயிருக்கணும். வந்தப்ப நான் எண்ணிப் பாக்கல. அப்புறம் பாத்தா நாலுதான் இருந்துச்சு, ஒன்ன நீ தொலைச்சேன்னு முடிவு பண்ணிட்டேன்."

தராசின் கொக்கி ஆடிக்கொண்டிருந்தது. அந்த நூலை அங்கே வேறு யாரும் கவனித்திருக்கப் போவதில்லை. நானே இரண்டு மாதம் கையில் வைத்திருந்தும் அழகாகத் தைத்திருக்கிறார்கள் என்று மட்டுமே நினைத்தேன். பேசாமல் தட்டில் சொருகியிருந்தால், "தொலைஞ்சது எப்படியோ கெடச்சுச்சு" என்று முடிந்திருக்கும்.

பாக்கியம் அக்கா பையை இறக்கினார். "என் கொழுந்த நிறுங்க மொதல்ல," என்றார் கங்காணியிடம். நிறுத்தார்கள். பையை உதறி மடித்தார். அதற்குப் பிறகுதான் சரோஜா அக்கா பக்கம் திரும்பினார்.

"நான் தொலைச்சேன்னு நீங்க சொன்னதும் இதே எடத்துலதான்."

"அதனாலதான் மடுவத்துல கூப்புட்டுச் சொல்லாம இங்க வந்தேன்."

"ம்." மடித்த பையைக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு, "ரெண்டு வருஷமா உங்க தட்டு மேல கை வைக்கல. சாக்குல மட்டும் எடுத்தேன். கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன். கதை இல்லாம கொசுறு தரக் கூடாதுன்னு சட்டம். உனக்கு மட்டும் குடுத்தேன்."

"சாக்கு முழுக்க முடிச்சுட்டேன்," என்றார் பாக்கியம் அக்கா, இந்த முறை எல்லாருக்கும் கேட்கும்படி.

"சட்டப் புத்தகமுமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"சட்டப் புத்தகந்தான் ரெண்டு தடவ. அதுல எல்லாரும் யோக்கியனுங்க, பேய்க்கதையவிட நம்ப முடியல." சிரிப்பு எழுந்தது. முகம் மாறாமல் தொடர்ந்தார். "சமையல் புத்தகம் பசிக்கிறப்பப் படிச்சாக் கதை, வயிறு நெறஞ்சப்பப் படிச்சாக் கணக்கு. நாடகத்துல பேச்சு மட்டுந்தான் இருக்கு, யாரு எங்க நிக்கிறாங்கன்னு நாமதான் எடம் புடிச்சு நிறுத்தணும். கவிதைப் புத்தகத்துல பாதித் தாளு வெள்ளை. ஏமாத்துறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, காலையில மூணு வரி படிச்சுட்டுப் போனா சாயந்தரம் வரைக்கும் வாயிலயே கெடக்கு. கதை அப்பிடிக் கெடக்காது, ஓடிரும்."

நான் இதைத் தொலைபேசியில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? குடும்ப நாவல், சரித்திர நாவல் என்று இரண்டே அலுமாரிகளுக்கு நடுவில் பத்து வருடம் நடந்து, எனக்குப் புத்தகம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் ஒருவர் கதையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் படித்திருக்கிறார். கோபத்துக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று எந்த நாவலும் எனக்குச் சொன்னதில்லை.

"அதெல்லாம் சரி பாக்கியம், கிளி?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"புத்தகந்தான் வந்துருச்சே. படிச்சுக்கங்க."

"படிக்கத்தான் போறோம்," என்றார் சரோஜா அக்கா. "நீ சொல்லு."

பாக்கியம் அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மடித்த பையைக் கங்காணியின் மேசை மேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு சொன்னார். கிளி எப்படிச் செத்தது என்று. இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல், அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு குரல், கிளிக்கு ஒரு குரல். நாடகப் புத்தகம் படித்தவர் அல்லவா, ஆட்டோ அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்து வாசலாக நிறுத்திக்கொண்டார். அதே நாற்பத்தெட்டுப் பக்கங்களை நான்கு தடவை படித்தவள் நான். நானே அடுத்த வரி தெரியாதவள் போல முன்னால் நகர்ந்து நின்றேன். எழுதியவர் விட்டுவிட்ட ஒரு பிழையையும் நடுவில் பிடித்துக் காட்டினார். அது எந்தக் கொசுறுப் புத்தகத்திலிருந்து வந்த அறிவு என்று சொன்னால் கிளியின் முடிவு தெரிந்துவிடும், அதனால் விடுகிறேன். முடிந்ததும் கொட்டகையில் ஒரு பெருமூச்சு. "பூன இல்லியா!" என்று ஒரு குரல் மட்டும் மிகவும் வருத்தப்பட்டது.

இப்போது என் விஷயம். கதவுக்கு வெளியே நின்றது யார் என்பது அங்கே அத்தனை பேருக்கும் தெரியும். நாலைந்து பேர் என்னிடம் சொல்லவும் வந்துவிட்டார்கள்.

"யாரும் வாயத் தொறக்காதீங்க," என்றார் பாக்கியம் அக்கா. "நானும் இன்னும் படிக்கல."

வரிசைப்படி நான்காம் பகுதி அவருக்குத்தான். எனக்கு ஆசைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அத்தனை தூரம் போனதே அதற்குத்தான். இரண்டரை மணிக்குச் சந்தியில் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கிடைத்தால் மடுவத்து வாசலில் உட்கார்ந்து படித்து முடித்துவிடுவேன். பாக்கியம் அக்காவே, "படிச்சுட்டுப் போ புள்ள, நான் ரெண்டு வருஷம் இருந்தவ, ஒரு நாளு இருக்க மாட்டேனா?" என்றார். வேண்டாம் என்றேன். வரிசை வரிசைதான். அவர் நான்காம் பகுதியை வாங்கிப் படங்குக்குள் சொருகிக்கொண்டு மலையேறினார். தேத்தண்ணி நேரம் வரை பொறுக்கவில்லை. முதல் வளைவிலேயே எடுத்து, நடந்துகொண்டே படிப்பதைக் கீழே நின்று பார்த்தோம்.

"பாக்கியம் படிச்சதும் நாலாம் பகுதிய என் தம்பிக்கு அனுப்புறேன், ஹட்டன்ல வாங்கிக்க," என்றார் சரோஜா அக்கா. "இந்தத் தடவ எண்ணி அனுப்புறேன்." அந்த அச்சகம் சித்தியின் பேக்கரிக்கு இரண்டு தெரு தள்ளி. ஆனால் சட்டப்படி கொசுறு எடுக்காமல் போக முடியாது. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு சாக்கில் கையை விட்டோம்.

சித்திக்கு வந்தது கவிதைப் புத்தகம். "ஐயோ, எனக்கு எதுக்குடி இது? ஒரு பேய்க்கதையாவது வந்திருக்கக் கூடாதா?" என்று ஆட்டோவில் ஏறும்வரை புலம்பினார். எனக்கு வந்தது நீரிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றிய புத்தகம், படங்களோடு.

திரும்பும் வழி அதே வழி, அதே கட்டணம். நுவரெலியாவில் பஸ் மாறியபோது மழை. நானுஓயாவுக்குப் பிறகு சித்தி சத்தமே இல்லாமல் இருந்தார். தூங்குகிறார் என்று எட்டிப் பார்த்தேன், ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். தலவாக்கலையிலும் அதே பக்கம். "என்ன சித்தி?" என்றேன். "சும்மா இரு," என்றார். கொட்டகலையில்தான், "மூணே வரிடி," என்றார்.

நான் என் கொசுறைப் படித்தேன். மேலே தேக்கிய நீர், மலையைக் குடைந்த சுரங்கம், குழாய், கீழே சுழலும் சக்கரம். பதினைந்தாம் பக்கத்தில் வெட்டித் திறந்து காட்டிய ஓர் அணைக்கட்டின் படம். நான் பிறந்ததிலிருந்து ஓர் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் வாழ்கிறேன். மலையில் இறங்கும் அந்தப் பெரிய குழாய்களைப் பார்த்துக்கொண்டேதான் பாடசாலைக்குப் போனேன். அதற்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரண்மனைகளின் சுரங்க வழியெல்லாம் எனக்குத் தெரியும், எங்கள் மலைக்குள் ஓடும் சுரங்கம் தெரியாது. இரவு எட்டு மணிக்கு நோட்டன் பிரிட்ஜில் இறங்கியபோது மின்நிலைய விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. சித்தி குளிரில் நடுங்கிக்கொண்டு வா வா என்றார். நான் பாலத்தில் நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருக்கிறது, ஒரே சீராக உறுமுவது போல. அது எப்போதுமே இருந்திருக்கிறது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எங்கள் பக்கத்திலிருந்து ஒரே நாளில் போய் வரலாம், முதல் பஸ்ஸைப் பிடித்தால் மட்டும். போக்குவரத்துக்கு ஆளுக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய் வைத்துக்கொண்டால் போதும், ஆட்டோவில் பங்கு உட்பட. தோட்டத்துக்குள் போகுமுன் சந்தியிலேயே ஆட்டோ அண்ணனிடம் சொல்லிவிடுங்கள், அவர் சொன்னால் தோட்டம் முழுக்கச் சொன்ன மாதிரி. மடுவத்தில் குழந்தைகள் தூங்கும் நேரம், சத்தம் கூடாது. குழந்தைகளுக்கு டொபி கொண்டு போகாதீர்கள், சரோஜா அக்கா திட்டுவார். புத்தகம் கொண்டு போங்கள். நீங்கள் நல்லது என்று நினைக்கும் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் யாரும் தொடாமல் கிடப்பது எதுவோ, அதையும் கொண்டு போங்கள், சாக்கு அதற்குத்தான் இருக்கிறது. கொண்டு போகும் புத்தகத்தை உங்கள் கண் முன்னாலேயே ஐந்தாக அறுப்பார்கள். பார்க்க முடியாதவர்கள் வெளியே நிற்கலாம். நான் அடுத்த முறை உள்ளேயே நிற்பேன் என்று நினைக்கிறேன்.

நான்காம் பகுதி போன வியாழக்கிழமை ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு பக்கத்தில், அடையாளத்துக்கு வைத்த தேயிலைக் கொழுந்து ஒன்று காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. கதவுக்கு வெளியே நின்றது யார் என்று இப்போது எனக்குத் தெரியும். கேட்டால் சொல்வேன்.

கிளி எப்படிச் செத்தது என்பதும் தெரியும். அதை மட்டும் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மணிச் சங்குக்குக் கொட்டகைக்குப் போய், வரிசையில் உயரமாக நிற்பவரிடம் கேளுங்கள். முதலில் அவர் கொழுந்தை நிறுக்க விடுங்கள்.